கடைசி வள்ளத்திற்கு முன்னர் ஓர் ஆட்டம்

கடந்த ஞாயிறு காலை எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கொப்பித்தாளில் கோடிட்டு எழுதி, கைத்தொலைபேசியில் எடுத்த படம். வரும் பருவத்துக்கான உதைபந்தாட்ட அட்டவணை அது. மே மாதம் தொடங்கி ஒக்ரோபரில் முடியும் ஒன்பது ஆட்டங்கள். கீழே ஒரு வரி: "அண்ணை, பாத்துச் சொல்லுங்கோ. இந்த முறை என்ன நடக்கும்?"

தேர்தல் முடிவுகளை முன்கூட்டிச் சொல்லிப் பலமுறை பிழைவிட்ட பத்திரிகைக்காரன் நான். ஆனால் இந்த வினாவைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. கடந்த பருவத்தில் எங்கள் கழகம் ஆட வேண்டியிருந்த ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில் வெற்றி, இரண்டில் சமநிலை, ஆறில் தோல்வி. அந்த ஆறு தோல்விகளில் இரண்டு, பந்து உருளாமலே வந்தவை. முதலாவது, பத்து நாள் அடித்த காற்று ஒருநாள் விழுந்ததும் நடந்தது. விளையாடும் பிள்ளைகளில் பாதிப் பேர் தொழிலுக்குக் கடலில் இறங்கிவிட்டனர். மைதானத்துக்கு வந்தோர் ஆறு பேர். ஓர் அணியில் ஏழு பேராவது இல்லாவிடில் ஆட்டத்தைத் தொடங்க முடியாது என்பது உதைபந்தாட்ட விதி. மற்றையது, வாடகைக்கு எடுத்த வான் பண்ணைத் தாம்போதியில் பழுதாகி நின்ற நாள். பிள்ளைகள் மைதானத்தை அடைந்தபோது மத்தியஸ்தர் சீழ்க்கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொரு முறை இப்படி வராமல் விட்டால் அடுத்த பருவத்தில் இடமில்லை என்று கழகத்துக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே தம்பி என்னிடம் கேட்டது எத்தனை ஆட்டங்களில் வெல்வோம் என்பதையல்ல. ஒன்பது ஆட்டங்களுக்கும் போய்ச் சேர்வோமா என்பதையே கேட்டார். தீவகத்தின் உதைபந்தாட்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவுக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

கழகத்தின் பெயரை இங்கு குறிப்பிடவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெயரை உலகெங்கும் பரப்ப வேண்டியதில்லை. லைடன் தீவில், ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையில் உள்ள ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவகத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சில சொற்கள். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் மேற்கே சென்றால் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை. வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் மேற்குக் கரையிலுள்ள குறிகாட்டுவான் இறங்குதுறையோடு தரைவழி முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவுக்குச் சிறிது நேரக் கடற்பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதுவும் கடல் இடங்கொடுத்தால். அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் வள்ளமே வழி. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதைப் படகு. வைகாசியில் எழும் சோளகக் காற்று ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்குக் கடலைக் குழப்பும். ஐப்பசியோடு வாடைக்காற்றும் மழையும். இரண்டுக்கும் நடுவே கடல் ஓய்ந்திருக்கும் சில கிழமைகளை மீனவரும் விரும்புவர், விளையாட்டுக் கழகங்களும் விரும்பும். இரு தரப்பிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே இளைஞர்கள்தாம். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம், வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற். இவற்றுள் லைடனும் டெல்ஃப்றும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மற்றவை வரைபடங்களோடு போயின. உதைபந்தாட்டப் பித்துப் பிடித்த எங்களுக்கு அப்பெயர்ப் பட்டியல் ஒரு வேடிக்கை. ரொட்டர்டாமின் ஃபெயனூர்ட் கழகம் 1970இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அடுத்த மூன்று ஆண்டுகளும், 1971 முதல் 1973 வரை, ஆம்ஸ்டர்டாமின் அயக்ஸ் வென்றது. "அனலைதீவும் காரைநகரும் அடுத்தடுத்து ஐரோப்பாவை வென்றன" என்று எங்கள் பாடசாலைச் சமூகக்கல்வி ஆசிரியர் சொல்லிச் சிரிப்பார்.

அப்பட்டியலில் ஹார்லெமும் உண்டு. ருட் குல்லிட் 1979இல் தமது தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியது அந்நகரின் ஹார்லெம் கழகத்தில்தான். 1946இல் நெதர்லாந்தின் சம்பியனாக விளங்கிய கழகம் அது. 2010 ஜனவரியில் கடன் முற்றி வங்குரோத்தாகி, பருவத்தின் நடுவிலேயே தொழில்முறை ஆட்டத்திலிருந்து மறைந்தது. மீதி ஆட்டங்கள் ஆடப்படவேயில்லை. போரோ புயலோ குறுக்கிடாத ஒரு நாட்டிலும் கழகம் ஒன்று தன் அட்டவணையை முடிக்க முடியாமற் போகலாம். எங்கள் பிள்ளைகளிடம் கோபம் வரும்போதெல்லாம் இதனை நினைத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு உதைபந்து வந்தது ஆங்கிலேயர் காலத்தில், மிஷன் பாடசாலைகள் வழியாக. பட்டினத்துப் பெரிய கல்லூரிகள் துடுப்பாட்டத்தைப் பற்றிக்கொண்டன. மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான "வடக்கின் பெரும் போர்" 1904இல் தொடங்கியது. கரையோரக் கத்தோலிக்க ஊர்களோ உதைபந்தைத் தமதாக்கிக்கொண்டன. குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை என்று அந்த வரிசை நீளும். ஊர்காவற்றுறையும் அதைச் சூழ்ந்த கரைகளும் அதே மரபில் வந்தவை. துடுப்பாட்டத்துக்கு மட்டையும் காலுறையும் ஆடுகளமும் வேண்டும், பணமும் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் வெறுங்காலும் போதும். கோல் கம்பங்களுக்கு இரண்டு பனை வளைகள், வலைக்குக் கிழிந்த மீன்வலை. எங்கள் கரையில் கோல் வலைக்கு ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை.

என் சிறுவயது 1970களின் பிற்பகுதியும் 1980களின் தொடக்கமும். அக்காலத்தில் அட்டவணை என்று அச்சடித்த எதுவும் இல்லை. கழகத் தலைவர் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு அமர்வார். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலின் ஆனித் திருவிழா நாட்கள் கழியும். கச்சதீவு அந்தோனியார் பெருநாள் கழியும். ஊர்ப் பெருநாள்கள், நிலவுக்காலத்துத் தொழில், பரீட்சைகள் கழியும். எஞ்சிய நாட்களில்தான் ஆட்டம். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி இருந்தது. வெளித்தீவு அணி வருவதாயின், அவர்களுடைய கடைசி வள்ளத்திற்கு முன்னர் ஆட்டம் முடிய வேண்டும். முடியாவிட்டால் வந்தவர்களுக்கு இராச்சாப்பாடும் படுக்கப் பாயும் கொடுப்பது ஊரின் கடமை.

நெடுந்தீவு அணி வந்த ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலதிக நேரம் வரை சென்ற ஆட்டம். குறிகாட்டுவானில் வள்ளம் போய்விட்டது. பாடசாலை மண்டபத்தில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அவர்கள் படுத்தார்கள். எங்கள் அம்மா உட்பட ஆறேழு வீட்டார் சமைத்த சோறும் மீன்குழம்பும் பெரிய சட்டிகளில் வந்தன. மாலையில் ஒருவரையொருவர் காலில் உதைத்துக்கொண்ட இளைஞர்கள் இரவில் ஒரே சட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். நெடுந்தீவுக் கோல் காப்பாளர் தங்கள் ஊர் மட்டக்குதிரைகளைப் பற்றிச் சொன்ன கதைகளைக் கேட்டபடியே நான் தூங்கிப்போனேன். அன்று யார் வென்றார்கள் என்பது மறந்துவிட்டது.

1985 மே 15ஆம் திகதி காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட "குமுதினி" படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றனர். குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பின் பதிவு கூறியது. 36 பேர் என்பது ஊரவரின் கணக்கு. குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்த மாதக் கடைசியில் நெடுந்தீவுப் பிள்ளைகள் எங்கள் திடலுக்கு வருவதாக இருந்தது. ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கடல்வழி என்பது அன்றிலிருந்து வேறொன்றாகிவிட்டது.

1990 ஓகஸ்டில் படையினர் தீவகத்தில் தரையிறங்கினர். மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் கைதான இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. ஓர் அணியில் ஆடக்கூடிய வயது எதுவோ, அதே வயதினரே காணாமற் போயினர். 1991 ஒக்ரோபரில் "வலம்புரி" நடவடிக்கையோடு தீவகம் படைவசமானது. மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குடாநாட்டுக்குப் போனோம். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். எங்கள் கழகத்தின் கிண்ணங்கள் மூன்று வாசிகசாலை அலுமாரியில் இருந்தன. யாரும் அவற்றை எடுக்க நினைக்கவில்லை.

1995 மார்ச் கடைசியில் கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ணச் சுற்றுப்போட்டி தொடங்கியது. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் அவ்வாண்டு ஜனவரி 8இல் தொடங்கிய போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். யாழ்ப்பாணத்தில் ஐந்து ஆண்டுகளாக மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பத்திரிகைகள் கொப்பித்தாளிலும் கிடைத்த நிறத் தாளிலும் அச்சாகின. நான் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியன். ஏப்ரல் 2ஆம் திகதி இறுதியாட்டத்தில் இலங்கை, மேலதிக நேரத்தில் இந்தியாவை 1-0 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்தச் செய்தியை எழுதிக்கொண்டு போனபோது மூத்தவர் ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இது எங்கட அணியோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. தாளுக்குப் பஞ்சமான காலம். ஆறு வரிகள் போட்டோம். ஏப்ரல் 19ஆம் திகதி போர்நிறுத்தம் முறிந்தது. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு குடாநாடே இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. இலங்கை தேசிய அணி தெற்காசியக் கிண்ணத்தை வென்றது அந்த ஒருமுறை மட்டுமே. அந்த ஒருமுறையைத்தான் நான் ஆறு வரிகளில் எழுதினேன்.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஊர் திரும்பியவர்கள் திடலின் பற்றையை வெட்டினார்கள். முதல் ஆட்டத்துக்குப் பதினொருவர் சேரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து நால்வரை இரவல் வாங்கினோம். அதுவும் நிலைக்கவில்லை. 2006 மே 13ஆம் திகதி அல்லைப்பிட்டியில் ஒரே இரவில் பொதுமக்கள் 13 பேர் கொல்லப்பட்டனர். ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. மாலை ஊரடங்கு வந்தால் மாலை ஆட்டம் ஏது? 2009 மேயில் போர் முடிந்தபின் திரும்பவும் பற்றை வெட்டினோம். யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய நிதியுதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18இல் திறக்கப்பட்டது. அதன் புல்லில் எங்கள் பிள்ளைகள் முதன்முறை ஆடி 0-5 எனத் தோற்ற நாளில் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார்கள்.

தடுமாறும் அணி என்றால் எங்கள் ஊரணி மட்டுமா? தேசிய அணியைப் பாருங்கள். 2019 ஜூனில் உலகக்கிண்ணத் தகுதிகாண் முதற்சுற்றில் மக்காவுடன் ஆட வேண்டியிருந்தது. முதலாவது ஆட்டத்தில் மக்கா 1-0 என வென்றது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் கொழும்புக்கு வர அஞ்சி, மக்கா இரண்டாவது ஆட்டத்தைத் தவிர்த்தது. இலங்கைக்கு 3-0 என வெற்றி வழங்கப்பட்டது. வராத அணி எப்படித் தோற்கும் என்பதைத் தீவகத்தான் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த வெற்றியால் அடுத்த சுற்றுக்குப் போன இலங்கை, 2019 ஒக்ரோபரில் தென்கொரியாவிடம் 0-8 எனத் தோற்றது. அச்சுற்றில் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை தேசிய அணிக்கு அட்டவணையே இல்லை.

தடை நீங்கியபின் சிறிது வெளிச்சம் தெரிந்தது. 2024 செப்டம்பரில் கம்போடியாவைத் தண்ட உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்கு இலங்கை சென்றது. 2025 ஜூனில் சீனத் தாய்ப்பேயை 3-1 என வென்றது. அந்த அணியில் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்தவர்கள் பலர். தமிழ்ப் பெயர்களும் அவர்களுள் உண்டு. ஒருகாலத்தில் நாட்டை விட்டு ஓடியவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்து அந்த நாட்டின் சட்டையை அணிகிறார்கள். 1995இல் அந்த மூத்தவர் கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. பதில் முன்னரைவிடச் சற்றுக் கடினமாகிவிட்டது. ஆயினும் 2021இல் நடைபெற்ற முதலாவது சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களில் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒன்றுகூட இருக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

புலம்பெயர்ந்த தமிழர் வேறோர் அணியையும் கண்டனர். நாடற்ற தேசங்களின் சுற்றுப்போட்டிகளில் ஆடிய தமிழீழ அணி அது. 2014 ஜூனில் சுவீடனின் எஸ்டர்சுண்ட் நகரில் அவ்வணி குர்திஸ்தானிடம் 0-9 எனத் தோற்றது. பின்னர் டார்பூர் அணியை 10-0 என வென்றது. டார்பூர் வீரர்கள் சாட் நாட்டு அகதி முகாம்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் வெற்றிச் செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பத்துக் கோல் வாங்கிய அந்தப் பிள்ளைகளிடமே மனம் சென்றது. ஏறிய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அவர்கள் கோல் மழையில் நனைந்தார்கள். ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்தார்கள்.

இனி, தம்பி அனுப்பிய அட்டவணைக்கு வருகிறேன்.

முதலாவது ஆட்டம் எங்கள் திடலில், அயலூர் அணியுடன். சோளகம் எழும் காலம். காற்றை எப்படி முதுகில் வாங்கி ஆடுவது என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். நாணயச் சுழற்சியில் வென்று, முதற்பாதியில் காற்றோடு ஆடினால் வெற்றி நிச்சயம் என்பேன். இரண்டாவதும் மூன்றாவதும் பட்டினக் கரையோர அணிகளுடன். அவர்கள் கிழமையில் ஐந்து நாள் பயிற்சி எடுப்பவர்கள். இரண்டிலும் தோற்போம். மூன்று கோல்களுக்குள் தோற்றால் குறைசொல்ல மாட்டேன்.

நான்காவது ஆட்டம் நயினாதீவு அம்மன் தீர்த்தத்தன்று விழுந்திருக்கிறது. அட்டவணை போட்டவர்கள் பஞ்சாங்கம் பார்க்கவில்லைப் போலும். அன்று குறிகாட்டுவானில் ஆயிரக்கணக்கான அடியார்கள் நிற்பார்கள். எங்கள் பிள்ளைகளில் நால்வர் வள்ளம் ஓட்டுவார்கள், இன்னும் சிலர் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள். இந்த ஒரு திகதியை மாற்றாவிட்டால் மூன்றாவது வராமை அன்றுதான் நிகழும். ஐந்தாவதும் ஆறாவதும் எப்படியும் போகக்கூடியவை. ஒரு சமநிலை கிடைக்கலாம். எட்டாவதுக்குள் எங்கள் கோல் காப்பாளர் இருப்பாரோ தெரியாது. அவருடைய கடவுச்சீட்டு பிரான்ஸ் போகும் வழியில் எங்கோ நிற்கிறது. ஊரின் அரைவாசி ஏற்கெனவே போய்விட்டது. கழகத்துக்குச் சட்டை வாங்கித் தருபவர்களும் அவர்களே, அடுத்த கோல் காப்பாளரை அழைத்துக்கொள்பவர்களும் அவர்களே. யாரைக் குறைசொல்வது? ஒன்பதாவது ஆட்டம் ஒக்ரோபர்க் கடைசி. மழை விழுந்தால் திடல் குளமாகும்.

2025 செப்டம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். எங்கள் தீவகத்துக்கு உலகம் வரப்போகிறது என்று பலரும் மகிழ்ந்தனர். வரட்டும். ஆனால் தீவகத்தின் ஆட்டம் எதுவென்று கேட்டிருந்தால், ஒரு நல்ல புல்தரையும் ஒரு பேருந்தும் மாலையில் பிந்திப் புறப்படும் ஒரு வள்ளமும் போதுமென்று எங்கள் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள்.

ஏழாவது ஆட்டத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். எங்கள் திடலில், நெடுந்தீவு அணியுடன், மாலை நான்கு மணிக்கு. ஆட்டம் முடியும்போது ஆறு மணியாகும். அவர்களுடைய வள்ளம் அதற்கு முன்னரே போய்விடும். அவர்கள் கடந்த பருவத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை என்று கேள்விப்படுகிறேன். அவர்களுடைய நிலைமை எங்களுடையதைவிட மோசம். நாலாயிரம் பேரளவில் வாழும் தீவு, ஒவ்வொரு வெளியாட்டத்துக்கும் கடல். அவர்கள் வராவிட்டால் எங்களுக்கு ஆடாமலே மூன்று புள்ளிகள். அந்த மூன்று புள்ளிகள் எங்களைக் கீழிறங்காமல் காப்பாற்றவும் கூடும். தம்பியும் அதைக் கணக்கில் எடுத்திருந்தார். அட்டவணையில் அந்த ஆட்டத்துக்கு நேரே சிறியதாக ஒரு சரி அடையாளம் இட்டிருந்தார்.

அன்றிரவு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, அந்தச் சரியை அழியும்."

"ஏன் அண்ணை? அவங்கள் வரமாட்டாங்கள். வள்ளம் இல்லை."

"ஆட்டம் முடிஞ்சு நிண்டு போகட்டும். எங்கட வீடு பூட்டித்தானே கிடக்கு. திறப்பு பக்கத்து வீட்டு அன்ரியிட்டை இருக்கு. இருபது பேர் தாராளமாப் படுக்கலாம். சாப்பாட்டுச் செலவு என்ரை."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டார்: "அண்ணை, அவங்கள் வந்தால் நாங்கள் தோத்துப்போவமே?"

"தோத்துப்போவம் எண்டுதான் நினைக்கிறன்," என்றேன்.

இப்பருவத்துக்கான என் கணிப்பு இதுதான்: ஒரு வெற்றி, இரண்டு சமநிலை, ஆறு தோல்வி. கடந்த பருவத்தின் அதே கணக்கு. ஒரேயொரு வேறுபாடு. ஆறு தோல்விகளும் ஆடித் தோற்றவையாக இருக்கும். ஒன்பது நாட்களிலும் எங்கள் பக்கத்தில் ஏழு பேருக்குக் குறையாமல் நிற்பார்கள். தீர்த்தத் திருவிழா ஆட்டத்தின் திகதியை மாற்றித் தருமாறு தம்பி கடிதம் எழுதிவிட்டார். வானுக்குப் பதிலாக ஊர்ப் பேருந்து ஒன்றை ஒழுங்கு செய்ய பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சிலர் முன்வந்திருக்கிறார்கள். இதை வாசிக்கும் தீவகத்தார் எவரும் அந்தப் பட்டியலில் சேரலாம்.

நேற்றுக் காலை தம்பியிடமிருந்து மறுபடியும் ஒரு செய்தி. நெடுந்தீவுக் கழகத்தாருடன் பேசிவிட்டாராம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கேள்வி மட்டும் கேட்டார்களாம்: "பாய் கொண்டு வர வேணுமோ?"